கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு நூல்: வாசகர் கேள்வி – பதில்

பதிப்புத் துறையின் மாற்றங்களைப் பற்றியும் மின்னூல்களைப் பற்றியும் கேள்விகள் அனுப்புமாறு சென்ற இதழில் ஆசிரியர் கேட்டிருந்தார். நீலகிரியின் பல ஊர்களிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. கோத்தகிரியில் இருந்துகொண்டு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக எழுதிவருபவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். பெயர் வெளியிட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் ஊரை மட்டும் குறித்திருக்கிறேன்.

கேள்வி: மின்னூல்கள் பெருகிவிட்டன. இன்னும் இருபது ஆண்டுகளில் அச்சு நூல் என்று ஒன்று இருக்குமா, அம்மா?
(ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், குன்னூர்)

அச்சு நூல் இருக்கும் ஐயா. புத்தகக் கிடங்குதான் மறைந்துகொண்டிருக்கிறது. இதை விளக்கப் பழைய அச்சுக்கூடத்துக்குள் ஒருமுறை போய்வர வேண்டும்.

என் முதல் நாவல் 1988ஆம் ஆண்டு வெளிவந்தபோது 1,200 பிரதிகள் அச்சிட்டார்கள். அந்நாளில் தமிழ் நூல்களுக்கு அது வழக்கமான எண்ணிக்கை. கம்பாசிட்டர் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்துப் பக்கம் கட்டுவார். பதினாறு பக்கம் கொண்ட ஒரு பாரம் அச்சாகி முடிந்ததும் அந்த எழுத்துகளைப் பிரித்து உரிய அறைகளில் போட்டுவிடுவார், ஏனென்றால் அடுத்த பாரத்துக்கு அதே எழுத்துகள் வேண்டும். முதலில் நூறு பிரதி போட்டுப் பார்ப்போம், விற்றால் இன்னும் நூறு போடுவோம் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. மறுபதிப்பு என்றால் முதல் எழுத்திலிருந்து மறுபடியும் கோக்க வேண்டும். தகட்டிலிருந்து அச்சிடும் ஆஃப்செட் முறை வந்தபின் கோக்கும் உழைப்புக் குறைந்தது என்றாலும், தகடு எடுக்கும் செலவு நூறு பிரதிக்கும் ஆயிரம் பிரதிக்கும் ஒன்றாகவே இருந்ததால் பதிப்பாளர் ஆயிரத்தை நோக்கியே போனார். நூலக ஆணை கிடைத்தால் ஒரு பகுதி அரசு நூலகங்களுக்குச் செல்லும். மீதி கிடங்கில் ஆண்டுக்கணக்கில் அடைந்து கிடக்கும்.

இப்போது கணினிக் கோப்பிலிருந்து தகடு இல்லாமல் நேரே அச்சிடும் இயந்திரங்கள் வந்துவிட்டன. ஐம்பது பிரதி அச்சிடலாம், தீர்ந்தபின் இருபது அச்சிடலாம். கேட்டபோது மட்டும் அச்சிடும் இந்த 'பிரின்ட் ஆன் டிமாண்ட்' முறையைப் பதிப்பாளர்கள் பிஓடி என்று சுருக்கிச் சொல்கிறார்கள். பிரதி ஒன்றுக்கு ஆகும் செலவு ஆஃப்செட்டைவிடக் கூடுதல், முடங்கும் பணமோ மிகக் குறைவு. ஆகவே ஒரு நூலைக் 'கைவசம் இல்லை' என்று சொல்லித் திருப்பி அனுப்புவதற்கு எந்தப் பதிப்பாளருக்கும் இனித் தக்க காரணம் இல்லை. இந்த மாற்றத்தை நான் மனமார வரவேற்கிறேன்.

இதற்கு ஒரு விலையும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். ஆயிரம் பிரதிக்குக் காகிதம் வாங்க வேண்டியிருந்த பதிப்பாளர், பணத்தை இறக்குவதற்கு முன் கையெழுத்துப் பிரதியை இரண்டு முறை படித்தார்; ஐம்பது பிரதி போடுகிறவர் சில சமயம் ஒருமுறைகூடப் படிப்பதில்லை. மெய்ப்புத் திருத்தப்படாமல், சந்திப் பிழைகளும் விடுபட்ட வரிகளுமாக வரும் நூல்களைக் கையில் எடுக்கும்போது மனம் மிகவும் வருந்துகிறது. பாரதியார் தம் வாழ்வின் இறுதி ஆண்டுகளில், தம் எழுத்துகளை நாற்பது நூல்களாக, நூலுக்குப் பத்தாயிரம் வீதம் நான்கு லட்சம் பிரதிகள் அச்சிட வேண்டும் என்று திட்டமிட்டு, அவை மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும்விடச் சாதாரணமாகத் தமிழ்நாடெங்கும் விற்பனையாகும் என்ற நம்பிக்கையோடு அன்பர்களிடம் பண உதவி கேட்டு எழுதினார். அந்தக் கணக்கைப் படித்த எனக்கு, ஐம்பது பிரதி என்ற எண் வசதியானது என்று தெரிந்தாலும், அதில் நிறைவு கொள்ள முடியவில்லை.

கேள்வி: நீங்கள் மின்னூல் படிக்கிறீர்களா? படிக்கும்போது கண் வலிக்காதா?
(கல்லூரி மாணவி, உதகை)

படிக்கிறேன், அம்மா. கைப்பேசியில் நீண்ட நேரம் படிப்பதில்லை. அமேசானின் கிண்டில் போன்ற கருவிகளில் உள்ள இ-இங்க் திரையில் கருப்பும் வெள்ளையுமான நுண்துகள்கள் இடம் மாறி எழுத்தாகின்றன. அது காகிதத்தைப் போலவே வெளி ஒளியை வாங்கிக் காட்டுகிறது. பக்கம் புரளும்போது மட்டுமே மின்சாரம் செலவாவதால் ஒருமுறை மின்னேற்றினால் வாரக்கணக்கில் வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்சாரம் நின்றுபோகும் எங்கள் ஊரில் அது பெரிய உதவி. கவிதை நூல்களை மட்டும் இன்றும் காகிதத்தில்தான் படிக்கிறேன். பக்கத்தில் கவிஞர் விட்ட வெற்றிடம் திரையின் அளவுக்கேற்ப மடங்கிக் குலைந்துவிடுகிறது.

கேள்வி: உங்கள் முதல் நாவலை எங்கள் பள்ளி நூலகத்துக்கு வாங்க விரும்பி எங்கும் தேடிவிட்டேன். அச்சில் இல்லை, மின்னூலாக மட்டும் கிடைக்கிறது என்கிறார்கள். ஏன் அப்படி விட்டுவிட்டீர்கள்?
(தமிழாசிரியை, கோத்தகிரி)

'விட்டுவிட்டீர்கள்' என்ற சொல் என்னைத் தைத்தது டீச்சர், ஏனெனில் அது உண்மை. அந்த நாவலின் இரண்டாம் பதிப்பை 1997இல் வேறொரு பதிப்பாளர் கொண்டுவந்தார். ஒரு பக்க ஒப்பந்தம் ஒன்றை நீட்டினார்கள். 'இந்நூலின் உரிமைகள் அனைத்தும்' என்று அதில் எழுதியிருந்ததை ஊன்றிப் படிக்காமல், நூல் மீண்டும் வருகிறதே என்ற மகிழ்ச்சியில் கையெழுத்திட்டேன். 2003க்குள் பிரதிகள் தீர்ந்தன. மறுபதிப்புக் கேட்டு எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. வேறிடத்தில் கொடுக்கலாம் என்று நண்பர்கள் சொன்னபோது, உரிமை அவர்களிடம் இருக்கிறதே என்று நானாகவே எண்ணிக்கொண்டு பதினோர் ஆண்டுகள் வாளாவிருந்தேன். ஒரு தலைமுறை வாசகர்கள் அந்த நூலைப் பார்க்காமலேயே வளர்ந்துவிட்டார்கள்.

2014இல் சட்டம் படித்த உறவினர் ஒருவர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, காலவரை எதுவும் இதில் குறிக்கப்படவில்லையே என்றார். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் பத்தொன்பதாம் பிரிவின்படி, உரிமை மாற்றத்துக்குக் காலம் குறிக்கப்படாவிட்டால் அது ஐந்து ஆண்டுகள் என்றே கொள்ளப்படும். எந்த நிலப்பரப்புக்கு என்று குறிக்கப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று கொள்ளப்படும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாமல் வைத்திருந்தால், ஒப்பந்தம் வேறு விதமாகக் கூறாத வரையில், அந்த உரிமையும் காலாவதியாகிவிடும் என்று அதே பிரிவு சொல்கிறது. அப்படியானால் என் நூல் 2002ஆம் ஆண்டிலேயே என்னிடம் திரும்பி வந்திருந்தது. அறியாமையால் பன்னிரண்டு ஆண்டுகளை இழந்தேன். பதிப்பாளர் பதில் எழுதாதது அவருடைய குறை. சட்டத்தைத் தெரிந்துகொள்ளாதது என்னுடைய குறை.

எழுதுகிறவர்கள் எல்லாரும் அறிந்திருக்க வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் பதினெட்டாம் பிரிவில் ஒரு பாதுகாப்பைச் சேர்த்தது. உரிமையை மாற்றிக் கொடுக்கும் காலத்தில் இல்லாத, அல்லது வணிகப் பயன்பாட்டுக்கு வராத ஓர் ஊடகத்துக்கு, அதை வெளிப்படையாகப் பெயர் சொல்லிக் குறித்திருந்தாலொழிய, அந்த உரிமை மாற்றம் செல்லாது என்பது அதன் சாரம். நாளைக்கு எந்த வடிவத்தில் நூல் வரும் என்று யாருக்கும் தெரியாத காலத்தில் இது எழுத்தாளருக்குப் பெரிய துணை. இன்று ஒப்பந்தம் எழுதும்போது அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைவடிவம் என ஒவ்வொன்றையும் தனியே எழுதி, ஒவ்வொன்றுக்கும் காலத்தையும் பங்கையும் குறிக்க வேண்டும். 'உரிமைகள் அனைத்தும்' என்ற ஒரே சொற்றொடரில் எதையும் அடக்க விடாதீர்கள்.

உரிமை என்னுடையது என்று தெளிந்தபின், நூல் எங்கே என்று தேட வேண்டியதாயிற்று. ஈய எழுத்தில் கோத்த முதல் பதிப்புக்குக் கோப்பு என்பதே கிடையாது. இரண்டாம் பதிப்பு பேஜ்மேக்கர் என்ற பக்க அமைப்பு மென்பொருளில், எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் கோத்தது; அந்தக் கோப்பு எனக்குக் கிடைக்கவில்லை. கையில் இருந்தது ஒரே ஒரு பிரதி. 2009 நவம்பரில் நீலகிரியெங்கும் மண் சரிந்த அந்த மழையில் என் வீட்டுக்குள் புகுந்த ஈரத்தில், அதன் கடைசி நாற்பது பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பூசணம் படர்ந்திருந்தன. மற்றப் பக்கங்களை ஸ்கேன் செய்து, எழுத்தை உணரும் மென்பொருளிடம் கொடுத்தோம். அது 'ர' என்ற எழுத்தையும் துணைக்காலையும் மாற்றி மாற்றிப் படித்தது. 'மரம்' என்பது 'மாம்' என்று வந்தது. ஒட்டிப்போன நாற்பது பக்கங்களுக்காகக் குன்னூர் வாசகர் ஒருவரிடம் பிரதியை இரவல் வாங்கி, நானே தட்டெழுதினேன். மூன்று முறை மெய்ப்புப் பார்த்தபின் 2018இல் மின்னூலாக வெளியிட்டேன். காகிதம் கைவிட்ட நூலைக் கோப்பு காப்பாற்றியது என்பது என் சொந்த அனுபவம். மின்னூலை யாரேனும் இழிவாகப் பேசினால் என்னால் ஒத்துக்கொள்ள முடியாமல் போவது இதனால்தான்.

அதே கோப்பைக் கோவையில் ஓர் அச்சகத்தில் கொடுத்து ஐம்பது பிரதிகளுக்குச் சொல்லியிருக்கிறேன். உங்கள் பள்ளிக்கு இரண்டு பிரதிகளை நானே கொண்டுவந்து தருகிறேன்.

கேள்வி: பதினைந்து சிறுகதைகள் எழுதி வைத்திருக்கிறேன். பதிப்பாளரைத் தேடிக் காத்திருப்பதா, நானே மின்னூலாக வெளியிட்டுவிடுவதா?
(கல்லூரி மாணவர், கொடைக்கானல்)

தம்பி, முதலில் அந்தப் பதினைந்தில் ஐந்தையாவது இதழ்களுக்கு அனுப்புங்கள். திரும்பி வருகிற கதை எதனால் திரும்பியது என்று யோசிக்கும் பழக்கம், நூல் போடுவதற்கு முன் வர வேண்டிய பழக்கம்.

தானே வெளியிடுவது தாழ்வு என்று நான் கருதவில்லை. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றியது, தமிழன்பர்களிடம் முன்கூட்டியே கையொப்பம் வாங்கித் திரட்டிய பணத்தின் துணையோடுதான். இன்று பதிப்பகங்கள் முன்வெளியீட்டுத் திட்டம் என்று அறிவிப்பதன் பழைய வடிவம் அது. மின்னூலுக்கு அந்த முதலீடும் தேவையில்லை. கிண்டிலில் தமிழ் நூல்கள் 2016 டிசம்பரில் முறையாக விற்பனைக்கு வந்தன. கோப்பைப் பதிவேற்றக் கட்டணம் கிடையாது. அச்சு நூலில் எழுத்தாளருக்குப் பொதுவாகக் கிடைப்பது விலையில் பத்து விழுக்காடு. இருநூறு ரூபாய் நூலுக்கு இருபது ரூபாய். முந்நூறு பிரதி விற்றால் ஆறாயிரம் ரூபாய். கிண்டிலில் முப்பத்தைந்து அல்லது எழுபது விழுக்காடு. ஆனால் இந்திய விற்பனைக்கு எழுபது விழுக்காடு வேண்டுமென்றால் செலக்ட் என்னும் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால், புதுப்பிக்கத்தக்க தொண்ணூறு நாள் தவணைகளில், அந்த நூலின் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது. உங்கள் சொந்த வலைத்தளத்திலும் கூடாது. நான் முப்பத்தைந்தைத்தான் ஏற்றுக்கொண்டேன். பாதி வருமானம் போயிற்று. கோப்பை யாருக்குக் கொடுப்பது என்ற முடிவு என்னிடமே இருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள், ஏனெனில் நீங்கள் சிறுகதை எழுதுகிறவர். மாதச் சந்தா கட்டி எத்தனை நூல் வேண்டுமானாலும் படிக்கலாம் என்ற கிண்டில் அன்லிமிடெட் முறையில், வாசகர் படித்த பக்கங்களின் எண்ணிக்கையைக் கொண்டு எழுத்தாளருக்குப் பணம் வருகிறது. பிரதிலிபி போன்ற செயலிகளில் ஒவ்வொரு நாளும் ஓர் அத்தியாயம் தருகிறவருக்கே வாசகர் நிலைக்கிறார்கள். இந்த வழிகளால் எழுத வந்த பெண்கள் ஏராளம். பதிப்பகத்தின் படியை மிதிக்கத் தயங்கிய பலருக்கு அவை கதவைத் திறந்துவிட்டன, அதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி உண்டு. ஆயினும் பக்கத்துக்குக் கூலி என்பது நீளத்துக்குக் கூலி. ஆறு பக்கத்தில் ஒரு வாழ்க்கையைச் சொல்லி முடிக்கும் கலையைத் தமிழ் நூறாண்டுகளாகப் பேணி வளர்த்திருக்கிறது. அந்த ஆறு பக்கத்தை அறுபது பக்கமாக இழுக்கத் தூண்டும் ஏற்பாட்டில் உங்கள் கதைகளைக் கொண்டுபோய் வைக்கும்போது, எந்தக் கதையையும் அந்தக் கணக்குக்காக நீட்டிவிடாதீர்கள்.

நல்ல பதிப்பகம் தருவது அச்சும் விற்பனையும் மட்டும் என்று எண்ண வேண்டாம். என் முதல் நாவலில் ஓர் அத்தியாயத்தை முழுவதுமாக நீக்கச் சொன்ன பதிப்பாசிரியரோடு நான் ஒரு மாதம் கடிதத்திலேயே வாதாடினேன். இறுதியில் நீக்கினேன், அவர் சொன்னதே சரி. அத்தகைய ஒருவரை நீங்களே தேடிக்கொள்ள வேண்டியிருக்கும். உறவினராக இல்லாத, உங்களிடம் எதையும் எதிர்பார்க்காத ஒருவரிடம் கதைகளைக் கொடுங்கள். மெய்ப்புத் திருத்துநருக்குரிய கூலியைக் கொடுத்துத் திருத்தி வாங்குங்கள். அந்தச் செலவில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. நூலுக்குரிய சர்வதேச அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னைப் புதுதில்லியில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணமின்றித் தருகிறது. அதற்காகவே உங்களிடம் ஆயிரக்கணக்கில் கேட்பவரிடம் போக வேண்டாம். பணம் கட்டினால் நூல் போட்டுத் தருகிறோம் என்று அழைப்பவர் செய்வது அச்சுப் பணி. அப்படியே கருதி, எத்தனை பிரதி, என்ன காகிதம், கோப்பு யாரிடம் இருக்கும் என்று எழுதி வாங்கிக்கொண்டபின் பணம் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் வாட்ஸ்அப் குழுவில் தினமும் நாவல்கள் பிடிஎஃப் வடிவில் வருகின்றன. கடையில் கிடைக்காத நூலை இப்படிப் படிப்பது தவறா?
(மளிகைக் கடைக்காரர், அரவேணு)

எந்த நூல் என்பதைப் பொறுத்தது. நம் நாட்டில் ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகள் கடந்தபின் அவர் வாழ்நாளில் வெளியிட்ட நூல்கள் பொதுச் சொத்தாகிவிடுகின்றன. தமிழ்நாட்டில் இதைத் தவிர நாட்டுடைமை என்ற சிறந்த ஏற்பாடும் இருக்கிறது. 1949இல் பாரதியார் படைப்புகளில் தொடங்கி, அரசு குடும்பத்தாருக்குப் பரிவுத்தொகை தந்து பல எழுத்தாளர்களின் படைப்புகளை மக்களுக்கு உரியதாக்கியிருக்கிறது. இத்தகைய நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், 1998 பொங்கலன்று தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டத்திலும் இலவசமாகப் பெறலாம். அவற்றைத் தாராளமாகப் பகிருங்கள்.

வாழும் எழுத்தாளரின் நூலைப் பகிர்வது அவர் கூலியைப் பறிப்பது. அவருடைய நூல் கடையில் இல்லை என்றால் அவருக்கே ஒரு கடிதம் எழுதுங்கள். மறுபதிப்புக்கு யாருமே கேட்கவில்லை என்று மனம் சோர்ந்திருக்கும் எழுத்தாளருக்கு அரவேணுவிலிருந்து அப்படி ஒரு கடிதம் வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

கேள்வி: என் தாயார் இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து சிறுவயதில் வந்தவர். அங்கே தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் படித்த பத்திரிகைகளையும் புத்தகங்களையும் பற்றி இன்றும் பேசுகிறார். அவற்றை இனிப் பார்க்க முடியுமா?
(தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் மகள், சேரம்பாடி)

முடியும், மகளே. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக நம் மலைக்கு வந்த குடும்பங்களின் கதைகளைக் கூடலூரிலும் பந்தலூரிலும் கோத்தகிரியிலும் நிறையக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு வேலை தருவதற்காக 1968இல் தொடங்கியதே, அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான இன்றைய டேன்டீ. அனுமதித்த மூட்டைக்குள் பாத்திரமும் துணியும் வந்தன. புத்தகம் பெரும்பாலும் வரவில்லை.

2005இல் இலங்கைத் தமிழர்கள் நூலகம் என்ற பெயரிலேயே ஒரு மின்னூலகத்தைத் தொடங்கினார்கள். இலங்கையில் வெளிவந்த தமிழ் நூல்கள், இதழ்கள், நாளிதழ்கள், மலையக வெளியீடுகள் எனத் தேடித் தேடி ஸ்கேன் செய்து யாரும் இலவசமாகப் படிக்கும்படி வைத்திருக்கிறார்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. வேறெங்கும் பிரதி இல்லாதவை அவற்றில் இருந்தன. ஒரே இடத்தில் ஒரே பிரதி இருப்பது எத்தகைய ஆபத்து என்பதை அந்தச் சமூகம் நெருப்பில் கற்றுக்கொண்டது. தாயாரை அருகில் உட்காரவைத்து, அவர் நினைவில் இருக்கும் பத்திரிகையின் பெயரைத் தட்டித் தேடுங்கள். அவரிடம் பழைய கடிதங்களோ, கையால் எழுதிய பாட்டுகளோ இருந்தால் அவற்றைக் கைப்பேசியில் தெளிவாகப் படமெடுத்து அந்த மின்னூலகத்தாருக்கு எழுதுங்கள். சேரம்பாடியில் ஒரு பெட்டிக்குள் இருப்பது, வேறெங்கும் இல்லாத ஒன்றாகவும் இருக்கலாம்.

கேள்வி: என் தந்தைக்குப் பார்வை போய்விட்டது. கைப்பேசி படித்துக் காட்டும் என்று மின்னூல்களைத் தருவித்தால், சிலவற்றை அது படிப்பதே இல்லை. ஏன்?
(அரசு ஊழியர், உதகை)

அவை நூல்களின் புகைப்படங்களாக இருக்கும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் நம் கண்ணுக்கு எழுத்து. கருவிக்கு அது வெறும் படம். பழைய எழுத்துருவில் கோத்த கோப்புகளும் அப்படியே. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கிலக் குறியீடுகள். யூனிகோடு எழுத்தில் அமைந்த கோப்பைத்தான் திரைவாசிப்பான்கள் வாய்விட்டுப் படிக்கும். வாங்குவதற்கு முன் மாதிரிப் பக்கத்தைப் படிக்கவைத்துப் பாருங்கள்.

கிடைக்காத நூலை மாற்றித்தரச் சட்டம் உங்களுக்கு இடம் தருகிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தத்தக்க வடிவில் ஒரு நூலை, வணிக நோக்கமின்றி அவர்களுடைய பயனுக்காக ஆக்கிக்கொள்வது உரிமை மீறல் ஆகாது. இதற்கென்றே 2013இல் உருவான மராகேஷ் உடன்படிக்கையை உலகில் முதலாவதாக ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. நண்பர்களாகச் சேர்ந்து ஆளுக்கு இருபது பக்கம் தட்டெழுதினாலும் பதினைந்து பேரில் ஒரு நாவல் முடிந்துவிடும். என் நூல்களில் எது வேண்டுமானாலும், இதழ் வழியாக எழுதுங்கள். கோப்பை அன்றே அனுப்புகிறேன்.

கேள்வி: காசு கொடுத்து வாங்கிய மின்னூல் எனக்குச் சொந்தமா? எனக்குப் பின் என் பேத்திக்கு அது போகுமா?
(ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கேத்தி)

ஐயா, இத்தனை கடிதங்களிலும் இதுவே என்னை அதிக நேரம் யோசிக்கவைத்தது. பெரிய விற்பனைத் தளங்களில் நாம் வாங்குவது நூலை அன்று, படிக்கும் அனுமதியை. 2009 ஜூலையில் அமேசான், பதிவேற்றியவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், ஜார்ஜ் ஆர்வெல்லின் நூல்களை வாங்கியவர்களின் கிண்டில்களிலிருந்தே நீக்கியது. பணத்தைத் திருப்பிக் கொடுத்து, பின்னர் மன்னிப்பும் கேட்டது. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, பணம் திரும்பியது, வாங்கிய நூல்கள் போய்விட்டன. வாங்கிய கிண்டில் நூலைக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியும் 2025 பிப்ரவரியோடு நிறுத்தப்பட்டது. உங்கள் அலமாரியில் இருக்கும் நூலைப் பேத்தி எடுத்துக்கொள்ள யாருடைய அனுமதியும் வேண்டாம். உங்கள் கணக்கில் இருக்கும் நூலை அவள் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள அந்தத் தளங்களின் விதிகள் இடம் தருவதில்லை. நகலெடுக்க முடியாதபடி கோப்புக்குப் பூட்டு இடாமல் விற்கும் எழுத்தாளர்களும் பதிப்பகங்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் வாங்கும் கோப்பை நீங்களே சேமித்து வைக்கலாம். பதிவேற்றும்போதே பூட்டு வேண்டுமா என்று தளம் கேட்கும். நான் வேண்டாம் என்றே குறித்திருக்கிறேன்.

இதைவிடப் பெரிய கவலை ஒன்று எனக்கு உண்டு. 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டத்தின்படி, இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் பிரதியையும் பதிப்பாளர் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், 1896இல் திறக்கப்பட்ட சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும், மும்பை, தில்லி நூலகங்களுக்கும் அனுப்ப வேண்டும். நூறு ஆண்டு கழித்து ஒருவர் தேடி வந்தாலும் கிடைக்கட்டும் என்ற நினைப்பில் எழுதிய சட்டம் அது. ஆனால் அச்சிட்ட நூலைத்தான் அது நூல் என்கிறது. மின்வடிவில் மட்டும் வெளிவரும் தமிழ் நூல்கள் அந்தக் கதவுகளுக்கு வெளியே நிற்கின்றன. வரியிலும் இதே பாகுபாடு: அச்சு நூலுக்கு ஜிஎஸ்டி இல்லை, அச்சில் இருக்கும் நூலின் மின்வடிவத்துக்கு 2018 ஜூலையில் ஐந்து விழுக்காடாகக் குறைத்தார்கள், அச்சே காணாத மின்னூலுக்கு அந்தச் சலுகையைத் தரவில்லை. இந்த இரண்டையும் அரசு மாற்ற வேண்டும் என்று எழுத்தாளர் அமைப்புகள் ஒருமித்துக் கேட்க வேண்டும்.

காகிதம் நிலையானது என்று நான் வாதிடவில்லை. 1859இல் தொடங்கிய உதகை நீலகிரி நூலகத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்கள் இன்றும் இருக்கின்றன. என் அலமாரியில் மரக்கூழ்க் காகிதத்தில் அச்சான 1970களின் நூல்கள் தொட்டால் பொடிகின்றன, மீதியை இராமபாணப் பூச்சி அரிக்கிறது. கோப்புக்கும் அதற்குரிய அழிவு உண்டு. எண்பதுகளின் இறுதியில் நான் பிளாப்பியில் சேமித்த கட்டுரைகளைத் திறக்க இன்று கருவி இல்லை. பல இடங்களில், பல வடிவங்களில், பலருடைய பொறுப்பில் வைப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. விடுதலை பெற்ற இந்தியாவில் முதலாவதாக 1948இல் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. சொத்து வரியோடு நாம் நூலக வரியும் செலுத்துகிறோம். பூட்டில்லாத மின்னூல்களை எழுத்தாளர்களிடமிருந்து உரிய விலைக்கு வாங்கி, கிளை நூலகம்வரை இரவல் தரும் ஏற்பாட்டை அந்த நிதியிலிருந்து செய்ய முடியும் என்று உறுதியாக நம்புகிறேன். மண் சரிந்து பாதை அடைபட்டாலும் சேரம்பாடிக்கும் கோத்தகிரிக்கும் நூல் போய்ச்சேரும்.

அதுவரை நானாகச் செய்வது ஒன்றுதான். மின்னூலாக மட்டும் வந்த என் இரண்டு கதைத் தொகுப்புகளையும் பிஓடியில் பத்துப் பிரதிகள் எடுத்தேன். சட்டம் சொன்ன நூலகங்களுக்கு அஞ்சலில் அனுப்பினேன். ஒன்றைக் கோத்தகிரிக் கிளை நூலகத்தில் கொடுத்தேன். நூலகர் பதிவேட்டில் எண் எழுதி, முதல் பக்கத்திலும் இடையில் ஒரு பக்கத்திலும் முத்திரை குத்தி, ஈரம் ஏறாத உள்சுவர் அலமாரியாகப் பார்த்து வைத்தார். இன்னும் மூன்று பிரதிகள் என்னிடம் இருக்கின்றன. உங்கள் ஊருக்கு அருகில் உள்ள கிளை நூலகத்தின் முகவரியை எழுதுங்கள், ஐயா. ஒன்றை அங்கே அனுப்புகிறேன், பேத்தியை உறுப்பினராகச் சேர்த்துவிடுங்கள்.